பாட்டில் அந்தப் பெண் எங்கே பேசுகிறாள்?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டன், தலவாக்கலைப் பகுதிப் பாடசாலைகளில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு, "பாட்டுக் கேட்டே பிள்ளை கெட்டுப் போயிட்டான்" என்பதாகும். தாய் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்ய, பாட்டியின் பொறுப்பில் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளரும் பதினைந்து வயதுப் பையனுக்கு அவள் அனுப்பிய கைபேசிதான் பல வேளைகளில் துணை. காதல், கோபம், ஏமாற்றம் பற்றி அவனோடு மனம்விட்டுப் பேசப் பெரியவர் எவரும் இல்லாத வீட்டில், அவற்றைப் பற்றிப் பேசுவது பாட்டு மட்டுமே.

பெற்றோர் முதலில் அஞ்சுவது குடியைக் கொண்டாடும் பாடல்களுக்கு. புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கான விளம்பரங்களைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்கிறது. அப்படியிருந்தும் அத்தகைய பாடல்கள் தனியார் பஸ்களிலும், கலியாண வீடுகளிலும், ஏன், கோயில் திருவிழா இசை நிகழ்ச்சிகளிலும்கூட ஒலிக்கின்றன. பெரியவர்களே முன்வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அவர்களே பிறகு பாட்டைக் குற்றவாளியாக்குவது அவர்களுக்கு வசதியான தீர்ப்பு.

என்னை அதைவிடக் கவலைகொள்ளச் செய்வது, மறுக்கும் பெண்ணைத் துரத்துவதையே காதலாகவும், அவள் மறுப்பைத் திமிராகவும் துரோகமாகவும் காட்டும் பாடல்கள்தாம். மாணவி ஒருத்தி பாடசாலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள் (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியுள்ளேன்). விசாரித்தபோது, பஸ்ஸில் பின் இருக்கையில் அமரும் பையன் ஒருவன் அவள் ஏறியவுடன் அத்தகைய பாடலொன்றைக் கைபேசியில் சத்தமாக வைப்பதும், நண்பர்கள் சேர்ந்து பாடுவதும் வழக்கமாகியிருந்தது தெரிந்தது. அவன் தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தான் செய்தது தொந்தரவு என்பது அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எல்லோரும் கைதட்டி ரசிக்கும் பாட்டு எப்படிக் குற்றமாகும் என்றே கேட்டான்.

அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுவரையானோரிடம் நடத்தப்பட்டு, 2006இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று இங்கே கவனத்திற்குரியது. பாலுறவை மனிதரை இழிவுபடுத்தும் விதத்தில் பேசும் வரிகளை அதிகம் கேட்டவர்களிடம் முன்கூட்டிய பாலுறவு நடத்தை கூடுதலாகக் காணப்பட்டது. இழிவின்றிப் பாலுணர்வைச் சொன்ன பாடல்களுக்கு அந்தத் தொடர்பு இருக்கவில்லை. ஆய்வு அந்நாட்டுச் சூழலுக்குரியது, தொடர்பு இருப்பதனாலேயே பாட்டுத்தான் காரணம் என்றாகிவிடாது என்ற எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன். எனினும், காதல் பாட்டு என்றாலே பதறும் பெற்றோர் அஞ்ச வேண்டியது காதலுக்கல்ல, இழிவுக்கே என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பில் நான் ஒரு பாட்டின் வரிகளைக் கரும்பலகையில் எழுதி, "இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்பதுண்டு. பையன்கள் சிரித்துக்கொண்டே தேடுவார்கள். பெரும்பாலும் அவளுக்கு ஒரு வரியும் இருக்காது. நம் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தில்கூட, போக வேண்டாமென்று மன்மதனைத் தடுத்து வாதாடும் ரதியின் குரல் ஊர் முழுக்கக் கேட்கிறதே என்றும் சொல்வேன். பிறகு, அந்தப் பெண்ணுக்கு நான்கு வரிகளை அவர்களையே எழுதச் சொல்வேன். மெட்டுக்குச் சரியாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

கைபேசியைப் பறித்தால் பையன் நண்பனுடைய கைபேசியில் கேட்பான். அதற்குப் பதிலாக அவனோடு உட்கார்ந்து கேட்பதும், வரிகளைப் பற்றி விவாதிப்பதும் பயன் தரும். ஆனால் மகன் ஒருத்தியைப் பின்தொடர்கிறான் என்றோ, காதல் முறிவுக்குப் பின் சாவைப் பற்றிய பாடல்களையே கேட்டுத் தனிமையில் ஒடுங்குகிறான் என்றோ தெரிந்தால், அதைப் பாட்டுப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய இலக்கங்களையும் அழைக்கலாம்.