அந்த மழைச் சத்தம் யாருடையது?

சுயமாக ஆம்பியன்ட் இசை (தாளமும் பாட்டும் முன்னே நிற்காமல் சூழலின் ஒலியாக மெல்ல ஓடும் இசை) செய்து வெளியிடுபவர்கள், வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்குக்கு எனக்கு ஃபைல் அனுப்பும்போது, இப்போதெல்லாம் வேலையில் கை வைக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். பின்னால் ஓடுகிற மழையை எங்கிருந்து எடுத்தீர்கள்? "ஏதோ சாம்பிள் பேக்ல இருந்ததுக்கா" என்றுதான் பல பேர் சொல்கிறார்கள். இசையில் சேர்த்துக்கொள்ள முன்பே பதிவு செய்து தொகுத்து வைத்த ஒலிகள்தான் சாம்பிள் பேக். எந்த பேக், காசு கொடுத்து வாங்கியதா, அதன் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. திறமையான பிள்ளைகள், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை, ஆனால் அதில் கேட்கிற சத்தங்களில் பலவற்றுக்கு ஊர் பேர் தெரியாது.

கோவையிலிருந்து ஒரு தம்பி. ஆர்மோனியத்தில் தானே வாசித்த நீளமான ட்ரோன் (விடாமல் நீண்டு ஒலிக்கும் சுரம்), அதன் மேல் தொடக்கம் முதல் கடைசி வரை மழை. யூடியூபில் ஏற்றிய சில நாட்களிலேயே கன்டென்ட் ஐடி க்ளெய்ம், அதாவது இந்த ஒலி எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கை, வந்துவிட்டது. அவர் கேள்விப்பட்டே இராத யாரோ ஒருவரின் தூக்க இசை ஆல்பத்தின் பெயரில். தன் இசையைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டார். இரண்டையும் வைத்துக் கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. இருவருமே ஒரே பேக்கில் இருந்த அதே மழையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் திருடவில்லை. அந்த இன்னொருவர், யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் இசையை ஏற்றித் தரும் தன் டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் கன்டென்ட் ஐடி என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

கன்டென்ட் ஐடி 2007 முதல் யூடியூபில் இருக்கிறது. உரிமையாளர் கொடுக்கும் ஒலியிலிருந்து ஒரு கைரேகை மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் உரிமையாளர் அந்த வீடியோவை முடக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணித்துக்கொண்டும் இருக்கலாம். யார் பதிவு செய்த ஒலி, யார் காசு கொடுத்து வாங்கியது என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த செபாஸ்டியன் டோம்சாக் தானே கணினியில் உருவாக்கி 2015-இல் ஏற்றிய 10 மணி நேர வெள்ளை இரைச்சல் வீடியோவுக்கு 5 க்ளெய்ம்கள் வந்ததாக 2018 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. வெறும் இரைச்சலுக்கே இந்தக் கதி.

இந்த வில்லங்கம் ஆம்பியன்ட் செய்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாப் பாட்டில் மழைச் சத்தம் என்பது குழம்பில் கறிவேப்பிலை, மேலே குரல், தபலா, பேஸ், வயலின் என்று எல்லாம் கிடக்கும். ஆம்பியன்ட்டில் அதுவே குழம்பு. நாற்பது விநாடி மழை தனியாகக் கேட்கும், பிறகு மெதுவாக ஒரு பேட் (நீண்டு நிற்கும் மென்மையான கீபோர்டு ஒலி) உள்ளே வரும், அதுவும் சிந்தசைசரோடு தயாராக வந்த ப்ரீசெட் ஒலியாக இருந்தால் அதே சுரத்தை அதே மாதிரி அழுத்திப் பிடித்த இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். ராயல்டி ஃப்ரீ (பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் பணம் தர வேண்டாம்) என்று போட்டு விற்கும் பேக்குகளின் உரிமத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில், மற்ற ஒலிகளோடு சேர்த்துப் புதிதாக ஒரு இசை செய்யலாம், லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டை, தனியாக அப்படியே வெளியிடக் கூடாது என்று இருக்கும். லூப்பை எடுத்து ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் போட்டு ஆறு நிமிடம் ஓட விட்டால் அது எந்தப் பக்கம் சேரும்? அது தனியாக வெளியிட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் அந்த டிக். வாங்கிய லூப், இலவச சவுண்ட் எஃபெக்ட், வேறு எவருக்கும் கிடைக்கக்கூடிய எந்த ஒலி உங்கள் படைப்பில் இருந்தாலும் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு மட்டுமே முழு உரிமை உள்ள ஒலிதான் அங்கே போகலாம் என்பது யூடியூபின் விதி. மீறிச் சேர்த்தால், அதே பேக்கை முறையாக வாங்கி வேலை செய்த இன்னொரு பிள்ளையின் வருமானம் உங்கள் பெயரில் வந்து விழும். தெரியாமல் நடந்தாலும் அது அநியாயம்தான். டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் "கூடுதல் பாதுகாப்பு" என்று நினைத்து அழுத்திவிடுகிறார்கள்.

இலவசத் தளங்களுக்கு வருவோம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்திலிருந்து 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் அருமையான தளம், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம். சிசி ஜீரோ என்றால் பதிவு செய்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், கவலையில்லை. அட்ரிபியூஷன் என்றால் பதிவு செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். நான்-கமர்ஷியல் என்றிருந்தால், பேண்ட்கேம்பில் விலை போட்டு விற்கும் ஆல்பத்திலோ ஸ்பாட்டிஃபையிலோ அது வரக் கூடாது. பிபிசி 2018-இல் தன் சேமிப்பிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைத் திறந்து விட்டபோது பலரும் அள்ளிக்கொண்டார்கள், அதுவும் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான்.

இன்னொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஒரு பாட்டை மென்பொருளில் போட்டு வேகத்தைக் குறைத்து நன்றாக நீட்டி இழுத்துவிட்டால் அது நம்முடையது என்று. பால்ஸ்ட்ரெட்ச் என்ற இலவச மென்பொருள், 2010-இல் ஜஸ்டின் பீபரின் பாட்டு ஒன்றை யாரோ அதில் போட்டு இழுத்து வெளியிட்ட பிறகு பிரபலமானது. கேட்கக் கடலலை மாதிரி இருக்கும், உண்மையிலேயே அழகுதான். ஆனால் மூலப் பதிவு இன்னொருவருடையது, எத்தனை மடங்கு இழுத்தாலும் அனுமதி வேண்டும். இழுக்க ஆசையாக இருந்தால் உங்கள் அம்மா பாடிய தாலாட்டைப் பதிவு செய்து இழுங்கள்.

தம்பூரா ஆப் விஷயமும் இதேதான். கைப்பேசியிலிருந்து அப்படியே பதிவு செய்து ட்ரோனாகப் போடுகிறார்கள். அந்த ஆப்பில் ஓடுவது பெரும்பாலும் அதைச் செய்தவர்கள் பதிவு செய்த சாம்பிள், அதை வணிக வெளியீட்டில் பயன்படுத்தலாமா என்பதை அவர்களின் விதிமுறையில்தான் பார்க்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் ஒரு தம்பூரா இல்லாமலா போகும்? மைக்கைத் தந்திகளைத் தாங்கும் குதிரைப் பக்கம் ஒரு அடி தள்ளி வையுங்கள். நாலு தந்தியையும் அவசரப்படாமல் கால் மணி நேரம் மீட்டச் சொல்லுங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினாலே மேல் ஸ்தாயி ஒலிகள் திறந்துகொண்டு நாதம் மாறிவிடும், அப்படி நகர்த்தி நகர்த்தி நாலைந்து பதிவு எடுத்து வைத்தால் ஒரு ஆல்பத்துக்கே போதும். உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

மழைக்கும் அதுவே வழி. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழைக்கா பஞ்சம்? திறந்த வெளியில் கொட்டுகிற மழையைப் பதிவு செய்தால் வெறும் இரைச்சலாகத்தான் வரும். மழை எதன் மேல் விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாழை இலை மேல் துளி துளியாகப் பிரிந்து கேட்கும், ஓட்டுக் கூரையில் மென்மையாக இருக்கும், தகரத்தில் அறைந்து தள்ளும். தகரம் என்றால் லெவலைக் குறைத்து, உச்சம் -12 டிபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டரைக் கூரைக்கு உள்ளே, சாரல் படாத இடத்தில் வைத்துக் காற்றுக்கு ரோமக் கவசம் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். மின்விசிறி, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், நம் ஊர் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவில் ஏறிவிட்டால் அதன் 100-ம் 150-ம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும், எடுப்பது பெரும்பாடு. கருவியை வைத்துவிட்டு நகர்ந்து போங்கள், அரை மணி நேரம் ஓடட்டும். மழை விட்ட பிறகும் நிறுத்தாதீர்கள், தவளைகள் அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

பதிவை ஹெட்ஃபோனில் முழுக்கக் கேளுங்கள், நடுவில் டீக்கடை ஸ்பீக்கரிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு மிதந்து வந்திருக்கும். கேட்கிற நமக்கு அது ஊரின் வாசனை. அது ஒரு கம்பெனியின் சொத்தும்தான். தெளிவாகக் கேட்டால் வெட்டிவிடுங்கள்.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தைப் பதிவு செய்து அதன் கீழே ட்ரோன் போடுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசிக்கப்பட்ட கீர்த்தனை தியாகராஜருடையதாக இருக்கலாம், அவர் 1847-இல் காலமானவர், அதில் பிரச்சினை இல்லை. வாசித்தவர் உயிரோடு நம் முன்னால் நிற்கிறார். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அவருடைய வாசிப்புக்கு 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. போய்ப் பேசுங்கள். எந்தத் தேதி, எந்த ஊர், எந்தப் படைப்பில் வரப்போகிறது, எவ்வளவு கொடுத்தீர்கள், பெயரை எப்படிப் போட வேண்டும் என்று தமிழிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் ஒரு கலைஞரின் மூச்சை அவருக்குத் தெரியாமலே எடுத்து, நம் பெயரை மட்டும் போட்டு வெளியிடுவதை என்னால் ஏற்க முடியாது.

எல்லா ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். எந்த ஒலி எங்கிருந்து வந்தது, எந்த உரிமம், எந்தத் தேதியில் இறக்கியது, பில் எங்கே என்று எழுதுங்கள். நீங்கள் பதிவு செய்த மூல ஃபைல்களை வெட்டாமல் அப்படியே தனியாக வையுங்கள். க்ளெய்ம் வந்தால் பதற வேண்டாம், க்ளெய்ம் என்பது ஸ்ட்ரைக் (சேனல் மேலேயே பதிவாகும் எச்சரிக்கை) அல்ல, உங்கள் சேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. வருமானம் வரும் வீடியோ என்றால் 5 நாட்களுக்குள் டிஸ்ப்யூட் (ஆட்சேபணை) போடுங்கள், அப்போதுதான் முதல் நாளிலிருந்தே பணத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். ஒலி எங்கே எப்போது பதிவானது அல்லது எந்த பேக்கில் எந்த உரிமத்தில் வாங்கியது என்று நாலு வரி எழுதினால் போதும், கோபத்தைக் காட்ட வேண்டாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாட்கள், சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாகக் காலாவதியாகிவிடும். உங்கள் டிஸ்ப்யூட்டை அவர்கள் நிராகரித்தால் அப்பீல் போகலாம். உரிமம் கையில் இல்லாமல் மட்டும் அப்பீல் வரை போகாதீர்கள், அங்கிருந்து அவர்கள் வீடியோவை நீக்கக் கோரினால் அது ஸ்ட்ரைக்காகிவிடும், 90 நாட்களுக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிடலாம்.