டிரைவர்: ஓட்டுநரா, இயக்கியா?

‘தரவுத்தளத்துடன் இணைய, முதலில் ஓட்டுநரை ஏற்றவும்.’ ஜாவா நிரல்மொழியைக் கற்றுத்தரும் தமிழ்ப் பாடங்களில் இந்த மாதிரி வாக்கியத்தை எத்தனை முறைதான் படிப்பது? நேற்றும் ஒன்று கண்ணில் பட்டது. புதிதாகக் கற்க வந்தவர் இதைப் படித்தால், யாரை எதில் ஏற்றுவது என்றுதான் கேட்பார்.

ஆங்கிலத்தில் டிரைவ் என்பது ஆதியில் மாடுகளை ஓட்டிச் செல்வது. அப்புறம் வண்டி ஓட்டுவது, இயந்திரத்தை இயங்கவைப்பது என்று பொருள் விரிந்தது. கணினியில் ஒரு சாதனத்திடமோ தரவுத்தளத்திடமோ வேலை வாங்கும் மென்பொருளுக்கும் அதே பெயர் வந்தது. நம்மவர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

ஓட்டுநர் என்பதில் உள்ள ‘நர்’ ஆளைக் குறிக்கும் விகுதி. அனுப்புநர், பெறுநர், பயிற்றுநர் எல்லாரும் மனிதர்கள். ஒரு நிரலை உயர்திணையில் நிறுத்தியதும் வாக்கியமே கோணலாகிறது. ‘ஓட்டுநர் பதிவு செய்யப்பட்டார்’ என்று எழுதுவதா, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதுவதா? இரண்டையும் ஒரே பாடத்தில் பார்த்திருக்கிறேன். டிரைவர்மேனேஜர் என்பது பதிவான டிரைவர்களில் பொருத்தமானதைத் தேர்ந்து இணைப்பைப் பெற்றுத்தரும் ஜாவா வகுப்பு (கிளாஸ்). அதை ‘ஓட்டுநர் மேலாளர்’ என்று எழுதினால் போக்குவரத்துத் துறைப் பதவி ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

கருவிக்கென்று தமிழ் ‘இ’ விகுதியை வைத்திருக்கிறது. ஒலிபெருக்கி, மின்மாற்றி, குளிரூட்டி என்று தினமும் சொல்கிறோம். இயக்குநர் என்றால் ஆள், இயக்கி என்றால் பொருள். ஒரே வேரிலிருந்து இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் மொழியில் எழுதிக்கொண்டு, மென்பொருளை ஏன் ஆளாக்க வேண்டும்?

சரி, இயக்கிக்கு மறுப்பே இல்லையா? இருக்கிறது. பழந்தமிழில் இயக்கி என்றால் ஒரு பெண் தெய்வம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது இயக்கன் என்பதன் பெண்பால், கணினிப் பாடத்தில் யாரும் குழம்பப் போவதில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது. தரவுத்தளம் வழங்கியில் (சர்வரில்) தானே இயங்குகிறது; டிரைவர் அதை இயக்கவில்லை, பேச்சை மாற்றிக் கொடுக்கிறது, ஆகவே ‘மொழிமாற்றி’ என்பதே சரி என்கிறார்கள்.

ஜாவா நிரல்கள் தரவுத்தளத்துடன் பேசும் இடைமுகத்துக்கு ஜேடிபிசி என்று பெயர். அதன் டிரைவர்களில் உள்ள நான்கு வகைகளையும் பார்த்தால் இதில் நியாயம் தெரியும். முதல் வகை, ஜாவாவின் அழைப்பை ஓடிபிசி என்ற இன்னொரு தரவுத்தள இடைமுகத்தின் அழைப்பாக மாற்றும் பாலம். ஜாவா 8 அதை நீக்கிவிட்டது. இரண்டாம் வகைக்குத் தரவுத்தள நிறுவனத்தின் நூலகம் நம் கணினியிலேயே இருக்க வேண்டும். மூன்றாம் வகை நடுவே ஒரு வழங்கியிடம் பேசும், அது தரவுத்தளத்திடம் பேசும். நான்காம் வகை முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டு, தரவுத்தளத்தின் சொந்த நெறிமுறையிலேயே நேராகப் பேசும். போஸ்ட்கிரெஸ்குவெல் என்ற தரவுத்தளத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது இந்த வகைதான். நான்கிலும் மாற்றிக் கொடுக்கும் வேலை உண்டு. ஆனால் இணைப்பைத் திறப்பது, வினவலை அனுப்புவது, விடையை வரிசை வரிசையாகக் கொண்டுவருவது, பிழையை விதிவிலக்காக (எக்செப்ஷனாக) எறிவது எல்லாமும் அதன் வேலைதானே? மொழிமாற்றி என்றால் இத்தனையும் மறைந்துபோகும். கூடவே, ஒரு நிரல்மொழியில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும் கம்பைலரைச் சொல்கிறார்களோ என்ற ஐயமும் வரும். அச்சுப்பொறி டிரைவரை ஏற்கெனவே இயக்கி என்கிறோம். அதே சொல் இங்கும் இருக்கட்டும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பதையும் விடவில்லை. ‘உறவுமுறைத் தரவுத்தளம்’ என்கிறார்கள். உறவுமுறை என்பது மாமன் மச்சான் முறை. இவ்வகைத் தரவுத்தளத்துக்குக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த மாதிரியில் ரிலேஷன் என்பது கணிதச் சொல். நடைமுறையில் அது அட்டவணையையே குறிக்கும். பொருளைப் படித்துவிட்டு எழுதியிருந்தால் தொடர்புசார் என்றாவது வந்திருக்கும்.

அந்த முதல் வாக்கியத்துக்கே வருகிறேன். ‘இயக்கியை ஏற்றவும்’ என்று திருத்தினால் தமிழ் சரியாகிவிடும். ஆனால் 2006இல் வந்த ஜாவா 6 முதல், ஜேடிபிசி 4 இயக்கி வகுப்புப்பாதையில் (ஜாவா தன் வகுப்புகளைத் தேடும் இடங்களில்) இருந்தால் டிரைவர்மேனேஜர் தானே கண்டுபிடித்து ஏற்றிக்கொள்கிறது. பெரும்பாலான நிரல்களில் அந்த வரியே வேண்டியதில்லை.