டிபி அட்டையில் எடை எழுதியிருக்கிறதா?

எங்கள் தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு டிபி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை மெஷின் ரிப்பேர், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது வாரமே இறந்துவிட்டார். “ஒரு வேளை மாத்திரைகூட விடலையே” என்று அவர் மனைவி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மைதான். மாத்திரை மட்டும் போதாத நிலையில் அவர் இருந்தார், அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

டிபி சாவுகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கின்றன. அந்தக் கணக்கை வைத்துத்தான் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வந்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே முதல் நாளில் ஆபத்தான ஆளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

பார்க்க வேண்டியவை கைவிரலில் அடங்கிவிடும். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா (160 செ.மீ. உயரமுள்ளவர் 35 கிலோ இருந்தால் இந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்)? 14-க்கு மேல் 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா? நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறாரா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முழுசாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டும். பிற்பாடு, அரசு மையங்களில் பதிவான ஏறக்குறைய 56,000 நோயாளிகளின் விவரங்களை வைத்து, ஒருவர் இறக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் முறையையும் 2025-ல் சேர்த்தார்கள். ஆபத்து அறிகுறி உள்ளவர்களுக்கு அது 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 தான்.

இவ்வளவு கணக்குப் போட்டும் என்ன, எடை மெஷின் ரிப்பேர் என்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே முதல் நாளே எடை, உயரம், ஆக்சிஜன், மூச்சு எண்ணிக்கை நான்கையும் பார்த்து டிபி அட்டையில், அதாவது சிகிச்சை விவரம் எழுதும் அட்டையில், எழுதச் சொல்லுங்கள். ‘ஆளைப் பார்த்தாலே தெரியுதே’ என்பார்கள். விடாதீர்கள். பார்த்தால் தெரியாது என்பதால்தான் இந்தத் திட்டமே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் வாய்வார்த்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பரிந்துரைச் சீட்டு வேண்டும். உங்கள் பகுதி டிபி சூப்பர்வைசர் முன்கூட்டியே போன் செய்து சொல்லவும் வேண்டும். சீட்டு இல்லாமல் போனவர்களை ‘பெட் இல்லை, திங்கட்கிழமை வாங்க’ என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, இந்த ஆபத்துக் கணக்கெடுப்பு அரசு மையங்களில் பதிவான 15 வயதைத் தாண்டியவர்களுக்கானது. தனியார் டாக்டரிடம் மருந்து வாங்குபவரை யாரும் வந்து எடை போடமாட்டார்கள். வீட்டில் அப்படி ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். டிபி நோயாளியின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு தரும் நிக்ஷய் போஷன் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் 1 முதல் 1,000 ஆனது. ஆறு மாத சிகிச்சைக்கு 6,000. பதிவானதும் 3,000, சிகிச்சை 84 நாள் ஆனதும் 3,000. ஏழை, பணக்காரர் பாகுபாடு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நிக்ஷய் பதிவில், அதாவது டிபி நோயாளிகளுக்கான அரசின் கணினிப் பதிவேட்டில், பெயர் ஏறாதவருக்கு ஒரு பைசா வராது. தனியார் டாக்டர்கள் டிபி நோயாளியைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் உள்ள உத்தரவு. பதிவு செய்யும் டாக்டருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகைகூட உண்டு. அப்படியும் பலர் செய்வதில்லை. நோயாளியும் வெளியே தெரியவேண்டாம் என்று சும்மா இருந்துவிடுகிறார். டாக்டரிடம் ‘நிக்ஷய் எண் என்ன?’ என்று கேளுங்கள். எண் இல்லை என்றால் பதிவும் இல்லை.

பதிவான பிறகு பணம் மாட்டிக்கொள்ளும் இடம் வங்கி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் என்று இருந்தாலே இழுத்தடிப்பார்கள். வருஷக்கணக்கில் தொடாத கணக்கு செயலிழந்து கிடக்கும். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகும் பலர் பழைய பாஸ்புக் ஜெராக்ஸைத்தான் கொடுக்கிறார்கள். அதிலுள்ள ஐ.எஃப்.எஸ்.சி. எண் செத்துப்போன எண். கொடுப்பதற்கு முன் வங்கியில் ஒரு 100 ரூபாய் போட்டு எடுத்து, புதுப் பக்கம் அச்சடித்துக்கொண்டு போங்கள். சொந்தக் கணக்கே இல்லாதவர் சம்மதக் கடிதத்தோடு ரத்த உறவினரின் கணக்கைக் கொடுக்கலாம். ‘முதலில் கணக்கு தொடங்கிட்டு வா’ என்று படுத்த படுக்கையாகக் கிடப்பவரை அலையவிடுவது அநியாயம்.

நிக்ஷய் மித்ரா என்ற பெயரில் அவ்வப்போது வரும் பருப்புப் பை வேறு விஷயம். அது நன்கொடையாளர்கள் தருவது. வந்தால் சந்தோஷம், வராவிட்டால் உரிமை கோர முடியாது. ‘பைதான் வாங்கிட்டீங்களே, பணம் எதுக்கு’ என்று ஒரு அலுவலகத்தில் ஒரு அம்மாவிடம் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தே வரலாம். இதுபோக, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவருக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவு மாவும் உண்டு. பாருங்கள், அதற்கும் அட்டையில் எடை வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் 1,000 ரூபாய் நோயாளிக்கு மட்டும்தான், வீட்டாருக்கு இல்லை. வீட்டாருக்குக் கிடைப்பது பரிசோதனையும், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரையும். அதற்கும் ஊழியர் வீடு தேடி வருவார் என்று காத்திருக்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு நீங்களே போய்விடுங்கள்.

84 நாள் தாண்டியும் இரண்டாம் தவணை வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்குமாக நடக்காதீர்கள். இலவச எண் 1800-11-6666. நிக்ஷய் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டு, ‘பணம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?’ என்று கேளுங்கள். ‘புராசஸ்ல இருக்கு’ என்பார்கள். பதிவிலா, வங்கிச் சரிபார்ப்பிலா, மேலதிகாரி ஒப்புதலிலா என்று திருப்பிக் கேளுங்கள். புகார் எண் வாங்கி, தேதியோடு டிபி அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.