நலம் விசாரிக்கப் போகிறீர்களா, தீர்ப்பு வாசிக்கவா?

குளியலறையில் சோப்பு நீரில் கால் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஓர் அம்மாவை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் வந்துபோன ஜெபக்குழுவினர், "உபவாச ஜெபத்துக்கு வராமலே இருந்தீர்களே, அதனால்தான் கர்த்தர் படுக்கவைத்துப் பேசுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை. "ஐயா, நான் அப்படி என்ன பாவம் செய்தேன்?" என்று போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டார். சபைப் போதகனாக இந்தக் கேள்வியைப் படுக்கைக்குப் படுக்கை கேட்டு அலுத்துப்போய்விட்டது.

அன்றாட நிகழ்ச்சிகளில் ஆண்டவர் பேசமாட்டார் என்று நான் சொல்லவரவில்லை. விதைக்கிறவனையும், காணாமற்போன வெள்ளிக்காசுக்காக வீட்டைப் பெருக்கியவளையும், இரண்டு காசு காணிக்கை போட்ட ஏழை விதவையையும் காட்டித்தானே இயேசு போதித்தார்? (சாவி தொலைந்தால்கூட அதில் ஒரு பிரசங்கக் குறிப்புத் தேடுவது எங்கள் தொழில்வியாதி.) ஆனால் அடுத்தவர் விழுந்ததற்கு நாம் போய்ப் பொழிப்புரை சொல்வது வேறு விவகாரம்.

விபத்து என்றால் பின்னால் பாவம் இருக்கும் என்று எந்த வேதத்தில் படித்தார்களோ! வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். கப்பற்சேதத்தில் தப்பிய பவுல், மெலித்தா தீவில், மழையிலும் குளிரிலும் விறகு பொறுக்கித் தீயில் போடுகிறார். சூடு தாங்காமல் வெளியே வந்த விரியன் பாம்பு அவர் கையைக் கவ்வுகிறது. தீவு மக்கள் உடனே, இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பியும் பழி விடவில்லை என்கிறார்கள். நெடுநேரம் பார்க்கிறார்கள், உடல் வீங்கவில்லை, ஆள் விழவில்லை. இப்போது, இவன் ஒரு தேவன் என்கிறார்கள். இரண்டு தீர்ப்பும் தப்பு! விறகுக்குள் பாம்பு இருந்தது, அவ்வளவுதான். அவர்களுக்காவது வேதம் தெரியாது. அதோடு, நனைந்து வந்தவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுக்கும் மனிதத்தன்மை இருந்தது. பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் அப்படிப் பிறந்தான் என்ற கேள்விக்கு, யார் பாவமும் அல்ல என்றும், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றும் இயேசு சொன்ன பதிலை ஞாயிறுதோறும் கேட்கிற நமக்கு என்ன வந்தது?

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். உன் பாவம்தான் காரணம் என்று வாயைத் திறந்த பிறகுதான் வினை.

சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஒன்று. பஸ்ஸைத் தவறவிட்டேன், அந்தப் பஸ் கவிழ்ந்தது, கர்த்தர் என்னைக் காத்தார் என்கிறீர்கள். தாராளமாக நன்றி சொல்லுங்கள். மைக்கைப் பிடிக்கும்முன், அதில் ஏறியவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார்கள் என்பதை நினையுங்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

படுத்திருப்பவரே ஒருநாள், "இதில் எனக்கு ஆண்டவர் ஒன்று கற்றுக்கொடுத்தார்" என்றால் காதுகொடுத்துக் கேளுங்கள். பவுல், 'மாம்சத்தில் ஒரு முள்' என்று தாம் சொன்ன தீராத உபாதைக்குக் காரணத்தைக் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் தாமே எழுதினார். அந்தச் சபையார் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே, நோயாளியைப் பார்க்கப் போனால் காரணம் சொல்லாதீர்கள். அவரே கேட்டாலும் சொல்லாதீர்கள். "தெரியவில்லை அம்மா" என்பது அவிசுவாசம் ஆகாது. ஜெபத்தைச் சுருக்குங்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கவேண்டும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வாசிக்கும் விளையாட்டு வேண்டாம். இரவு துணைக்கு ஆள் வேண்டுமா, வீட்டுக் குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தரட்டுமா என்று கேளுங்கள். அவர் கதையை வாட்ஸ்அப் குழுவில் போடும்முன் தயவுசெய்து அவரிடம் அனுமதி வாங்குங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லி உங்களுக்கு 'வெளிப்பாடு' வந்தால், நோயாளியின் காதில் ஓதாமல் நேராக மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொள்வார்.