வாரண்ட் இல்லாமல் போலீஸ் சோதனை போட வந்தால்

"வாரண்ட் எங்கே?" என்று கேட்டால் போலீஸ் திரும்பிப் போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), அதன் 185-ஆவது பிரிவில், வாரண்ட் இல்லாமலும் சோதனை போட போலீஸுக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தக் குற்றம் போலீஸின் புலன் விசாரணையில் இருக்க வேண்டும். வாரண்டுக்குக் காத்திருந்தால் தாமதமாகும் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும் எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதையும் அதிகாரி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். "சும்மா பார்த்துட்டுப் போறோம்" என்பதற்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

வாரண்டோடு வந்தால் வாங்கிப் படியுங்கள். வீட்டின் இன்ன பகுதி என்று நீதிமன்றம் குறிப்பிட்டிருந்தால் அதை மட்டும்தான் சோதிக்கலாம். அண்ணன் தம்பி தனித்தனியாகக் குடியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளில் இது முக்கியம். எப்படி வந்தாலும் கதவை மறிக்காதீர்கள். திறக்காவிட்டால் உடைத்து நுழையச் சட்டம் அனுமதிக்கிறது.

உண்மையில் உங்களைக் காப்பது மகஜர்தான், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் சோதனைப் பட்டியல். அதே பகுதியைச் சேர்ந்த, சார்பில்லாத இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால்தான் வேறு பகுதி ஆட்கள். பத்தாயத்தில் கை விடும்போதும் பீரோவைத் திறக்கும்போதும் கூடவே நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்த பொருள், எடுத்த இடம் எல்லாம் பட்டியலாக எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை உங்களிடம் தர வேண்டும். நகை என்றால் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1" என்று எழுதுவார்கள். அதோடு விடாமல் எடையையும் எழுதச் சொல்லுங்கள். செல்போன் என்றால் ஐஎம்இஐ எண் (அந்தப் போனின் தனி அடையாள எண்) வேண்டும். சுவாமிமலைப் பட்டறையில் சிலை எடுத்தால் உயரம், எடை, உடைசல் வரை பதிவாகட்டும்; பின்னால் திரும்பக் கேட்கும்போது பேசப்போவது அந்த வரிதான். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது.

பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும்.

புதிதாக வந்தது அதே சட்டத்தின் 105-ஆவது பிரிவு. சோதனையையும் பட்டியல் எழுதிக் கையெழுத்தாவதையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும். யாரும் போனில் படம் பிடிக்கவில்லை என்றால் "வீடியோ எடுக்கலையா சார்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். ஏழை வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். கஞ்சா, மதுவிலக்கு வழக்குகளுக்குத் தனிச் சட்டங்களின் விதிகளும் சேரும்.

முறை தவறினாலே வழக்கு விழுந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளும் சாட்சியமாகலாம் என்று பூரன்மல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் குறையை உடனே எழுத்தில் கொடுங்கள். வாரண்ட் இல்லாத சோதனையின் பதிவுகள் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போயாக வேண்டும். வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ மனு போட்டால் அந்தப் பதிவுகளின் நகல் இலவசம். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.