58க்கு அழுதவரும் 28க்கு ஆறியிருந்தவரும்

மல்லாவியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு தங்கச்சி, கதிரையில் இருக்க முன்னமே இரத்தச் சோதனை ரிப்போட்டை மேசையில் வைத்தார். சிஏ-125 என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. 58. பக்கத்தில் ‘35க்குக் கீழ்’ என்று அச்சடித்திருந்தது. “டொக்டர், எனக்குக் கான்சர்தானே? பிள்ளையள் ரெண்டும் சின்னன்” என்றவர் அழத் தொடங்கிவிட்டார்.

வயது 34. பல வருடமாக மாதவிடாய் நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி. இரத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டேன். மாதவிடாயின் இரண்டாம் நாள். வைத்தியர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம், இவரும் போய் எடுத்துவிட்டார்.

சூலகப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் இந்தச் சோதனை புற்றுநோயை அளப்பதில்லை. அது அளப்பது ஒரு புரதத்தை. வயிற்றறையின் உள்சவ்வும் கருப்பையின் உட்படையும் நுரையீரலைச் சுற்றிய உறையும் அதை இயல்பாகவே உண்டாக்குகின்றன. அங்கே எது உறுத்தினாலும் எண் ஏறும். மாதவிடாய் போதும், கருத்தரித்த முதல் மாதங்கள் போதும். எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்படை போன்ற திசு வெளியே வளர்வது), பைப்ரொயிட் (கருப்பையில் வரும் சாதாரணத் தசைக்கட்டி), ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டுவது எல்லாமே ஏற்றும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் போய், நீரும் கட்டி, அச்சு அசலாகச் சூலகப் புற்றுநோய் மாதிரியே நிற்கும்.

பெயரில் உள்ள 125ஐப் பார்த்து, அதைத் தாண்டினால்தான் கான்சர் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1981இல் அமெரிக்காவில் ரொபேட் பாஸ்ற் குழுவினர் தேடித் தேடிப் பிடித்த ஆன்டிபொடிகளில் (குறிப்பிட்ட புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்பவை) இந்தப் புரதத்தைக் காட்டிக்கொடுத்தது 125ஆவது. அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு ஸ்கான் செய்தோம். இரண்டு சூலகத்திலும் பழைய இரத்தம் தேங்கிய கட்டிகள். எண்டோமெற்றியோசிஸ்.

என்னை அதிகம் பயப்படுத்துவது மற்ற ரிப்போட்தான். புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர், 61 வயது. மூன்று மாதமாக வயிறு ஊதல், நாலு வாய் சாப்பிட முன்னமே நிறைந்த மாதிரி, அடிக்கடி சிறுநீர். காஸ்ரிக் என்று குளிசை குடித்துக்கொண்டிருந்தார். சிஏ-125 வெறும் 28. ‘நோர்மல்’ என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் பார்க்கும்போது பாவாடை நாடா கண்ணில் பட்டது. பழைய முடிச்சின் சுருக்கம் நாலு விரல் உள்ளே தெரிந்தது, இப்போதைய முடிச்சு நுனியில். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் வளர்ந்திருந்தது.

ஆரம்ப நிலைச் சூலகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இந்த எண் ஏறும். சில வகைகள் பிறகும் ஏற்றுவதில்லை. அதனால் நாங்கள் ஒரு பெருக்கல் கணக்குப் போடுவோம். கட்டிக்குள் பல அறைகள், திண்மமான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல்: ஸ்கானில் இவற்றில் எதுவுமே இல்லையென்றால் 0, ஒன்றிருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இவற்றைச் சிஏ-125ஆல் பெருக்கவேண்டும். தங்கச்சிக்கு 1×1×58, அதாவது 58. அம்மாவின் கட்டியில் பல அறைகளும் திண்மமான பகுதியும் இருந்தன. 3×3×28, அதாவது 252. 200ஐத் தாண்டினாலே புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும் வழக்கம் உண்டு. அனுப்பினோம். கட்டி சூலகத்தை விட்டு வெளியே போகாத நிலையிலேயே எடுத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் எல்லோரும் வருடாவருடம் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்கிறார்கள். பிரித்தானியாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதைத்தான் செய்து, சோதனை எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சூலகப் புற்றுநோயால் வரும் இறப்பு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லாதவர் ‘பக்கேஜ்’ என்று இதற்குக் காசு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று: சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கும் பாப் சோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அது சரியாக இருக்கிறது என்பதற்காகச் சூலகமும் சரி என்று ஆகாது. வயிறு ஊதலும் பசியின்மையும் இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், ஐம்பது தாண்டியவர்கள் முக்கியமாக, ஸ்கான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு இந்த எண் நல்ல துணை. ஆரம்பத்தில் ஏறியிருந்தால், கீமோ கொடுக்கக் கொடுக்க இறங்குகிறதா என்று பார்ப்போம். லாப்புக்கு லாப் கொஞ்சம் மாறும், ஆகவே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருபவர்கள் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். பழைய ரிப்போட்டுகளை எறியாதீர்கள். மாதவிடாய் நிற்காதவர்கள் கடைசியாக வந்த திகதியை ரிப்போட்டின் மூலையில் எழுதிக்கொண்டு வந்தால், எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.