சிந்தாமல் சுமக்கும் சில்லு

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வானியலாளர்கள் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில்தான் படமெடுத்தார்கள். தகட்டில் விழும் நூறு ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) ஒன்றிரண்டுதான் தடம் பதிக்கும், மிச்சமெல்லாம் வீண். பல கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளிக்கு இது அநியாயம்தான்.

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் நினைவகச் சில்லு ஒன்றை யோசிக்கப்போய், ஒளியைப் பிடிக்கும் சிலிக்கான் சில்லான சிசிடி (CCD) பிறந்தது. 2009இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. சிலிக்கானில் ஒரு ஃபோட்டான் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். அது அந்தப் பிக்சலிலேயே சிறைபட்டுக் கிடக்கும். நல்ல சிசிடி நூறு ஃபோட்டான்களில் தொண்ணூறைக்கூடப் பிடித்துவிடும்.

ஆனால் பிடிப்பதைவிடச் சுமப்பதுதான் பெரிய வித்தை என்பேன். படம் எடுத்து முடிந்ததும் எல்லா வரிசைகளிலும் சிறைபட்ட எலக்ட்ரான்கள் ஒரு படி கீழே நகரும். கடைசி வரிசை பக்கவாட்டில் நகர்ந்து, மூலையில் இருக்கும் பெருக்கியில் ஒவ்வொரு பிக்சலாகத் தன் மின்னூட்டத்தைக் கொட்டும். அப்புறம் அடுத்த வரிசை. தீயணைக்க வரிசையாக நின்று வாளிகளைக் கை மாற்றுவது போலத்தான். 2000 வரிசை, 2000 நிரல் உள்ள சில்லில் தூரத்து மூலைப் பிக்சல் சுமார் 4000 முறை கை மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒன்றே ஒன்று சிந்தினாலும், கடைசியில் நூற்றுக்கு இரண்டுகூட மிஞ்சாது. பழைய கண்ணாடித் தகட்டின் கதைதான் மறுபடியும்! அதனால்தான் நல்ல சில்லுகளில் ஒரு நகர்வுக்கு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் சிந்துவதில்லை.

சரி, சிந்தாமல் வந்து சேர்ந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒளி தந்தவைதானா? இல்லை. சில்லின் சொந்த வெப்பமும் எலக்ட்ரான்களை விடுவிக்கும். இரண்டையும் பிரித்தறிய எந்த அடையாளமும் கிடையாது. முக்கிய வழி குளிர்விப்பது. சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகக் கேமராவின் 189 சிசிடிகளும் மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அளவில் வேலை செய்கின்றன. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் கீறிவிட்டுப் போகும் கோடுகளுக்குக் குளிர் உதவாது. பெரும்பாலும் ஒரே இடத்தைப் பல முறை எடுத்து ஒப்பிட்டு அவற்றை நீக்குவார்கள்.

சிலிக்கானுக்கு ஓர் எல்லையும் உண்டு. அலைநீளம் சுமார் 1.1 மைக்ரானைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளி அதை ஊடுருவிப் போய்விடும். ஆகவே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கருவிகள் பாதரசம், காட்மியம், டெலுரியம் சேர்ந்த பொருளைப் பயன்படுத்துகின்றன. அங்கே வாளி மாற்றும் வேலையே இல்லை. ஒவ்வொரு பிக்சலையும் இருந்த இடத்திலேயே, மின்னூட்டத்தைக் கொட்டாமல், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கலாம்.